நகல் இயந்திரத்தில் எந்த மின்சாரம் போயிற்று?

"மெஷின் செத்துப்போய்விட்டது, உடனே வாருங்கள்" என்று தொலைபேசியில் பதறுபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "திரையில் வெளிச்சம் தெரிகிறதா?" மறுமுனையில் சற்று நேரம் சத்தம் இருக்காது. எழுந்துபோய்ப் பார்க்கிறார் என்று அர்த்தம். பிறகு பதில் வரும்: "வெளிச்சம் இருக்கிறது. ஆனால் ஒன்றும் ஓடவில்லை." அப்படியானால் இயந்திரம் சாகவில்லை. அதற்குள் ஒரு மின்சாரம் இருக்கிறது, இன்னொன்று இல்லை.

பவர் சப்ளை கோளாறு என்றதும் பலரும் ஒரு பல்பை நினைத்துக்கொள்கிறார்கள்: மின்சாரம் வந்தால் எரியும், வராவிட்டால் எரியாது. நகல் இயந்திரத்தில் கணக்கு வேறு. சுவரிலிருந்து ஒரே ஒரு கம்பிதான் உள்ளே போகிறது. போனபின் அது நான்கு விதமான மின்சாரமாகப் பிரிந்து நான்கு விதமான வேலை பார்க்கிறது. அந்த நான்கில் எது போயிற்று என்று தெரிந்துவிட்டால் எங்கே தேடுவது என்பது பாதி தெரிந்த மாதிரி. தெரியாமல் தேடினால் நல்ல போர்டைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல போர்டை மாட்டிக்கொண்டிருப்போம். நானும் அதைச் செய்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

நான்கு மின்சாரம், நான்கு வேலை

முதலாவது, சுவரில் வரும் அதே ஏசி மின்சாரம். நாட்டைப் பொறுத்து 230 வோல்ட்டாகவோ, 120 அல்லது 100 வோல்ட்டாகவோ இருக்கும். இயந்திரத்தில் அதிகம் தின்பது ஃபியூசர். டிரம்மிலிருந்து (படம் உருவாகும் உருளை) தாளுக்கு மாறிய டோனர் என்ற மை, வெறும் தூளாகத்தான் தாள்மேல் உட்கார்ந்திருக்கும், ஊதினால் கலைந்துவிடும். அதை உருக்கித் தாளோடு பதிய வைக்கும் சூடான உருளைதான் ஃபியூசர். பல இயந்திரங்களில் அந்த உருளைக்குள் நீளமான ஹாலஜன் விளக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு ஏசி மின்சாரம் எந்த மாற்றமும் இல்லாமல் நேரடியாகப் போகிறது.

இரண்டாவது, 24 வோல்ட் டிசி. அசைகிற எல்லாமே இதைச் சார்ந்தவை: பெரிய மோட்டார், தாளை இழுக்கும் உருளைகளின் கிளட்சுகள், 'டக்' என்று அடித்து இழுக்கும் சோலனாய்டுகள், மின்விசிறிகள். மூன்றாவது, 5 வோல்ட் டிசி. அதிலிருந்து பிறக்கும் 3.3 வோல்ட்டும் இதன் குடும்பம்தான். திரை, கட்டுப்பாட்டு போர்டு, தாள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் சென்சார்கள் ஆகியவை இதில் வாழ்கின்றன. உடம்புக்கு 24, மூளைக்கு 5 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தயாரிப்பது, நாம் பவர் சப்ளை போர்டு என்று சொல்லும் பலகை.

நான்காவது, உயர் மின்னழுத்தம். டிரம்முக்கு மின்னேற்றம் கொடுக்கவும், டோனரைத் தாளுக்கு இழுக்கவும் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகும் வோல்ட் தேவை. இதைத் தனியாக இன்னொரு சிறிய போர்டு, பெரும்பாலும் அந்த 24 வோல்ட்டை வாங்கித்தான், உருவாக்குகிறது.

இப்போது தொலைபேசிக் கேள்வியின் பொருள் புரியும். திரை இருட்டு, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் சுவர் முதல் 5 வோல்ட் வரை எங்கோ அறுந்திருக்கிறது. திரை எரிகிறது, எதுவும் அசையவில்லை என்றால் 24 வோல்ட். எல்லாம் அசைகிறது, ஆனால் 'சூடாகிறது, காத்திருக்கவும்' என்ற செய்தியிலேயே நின்று கடைசியில் பிழை எண் காட்டுகிறது என்றால் ஃபியூசருக்குப் போகும் பாதை. தாள் ஒழுங்காக ஓடி வெளியே வந்து, முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ இருந்தால் உயர் மின்னழுத்தம் சந்தேகத்துக்குள் வருகிறது. விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் முதல் ஊகமாக இது என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

இருட்டுத் திரையைப் பார்த்துப் பயப்படும் முன் ஒரு விஷயம். இப்போதைய இயந்திரங்கள் சற்று நேரம் சும்மா இருந்தால் உறங்கிவிடுகின்றன. பல மாடல்களில் இரண்டு சுவிட்சுகள் உண்டு: திரைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான், முன்கதவுக்குப் பின்னாலோ பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள்ளோ இருக்கும் முதன்மைச் சுவிட்ச். யாரோ இரண்டாவதை அணைத்துவிட்டுப் போயிருக்க, முதலாவதை அழுத்தி அழுத்திச் சலித்துப்போனவர்கள் ஏராளம். அதற்காக வண்டி எடுத்துக்கொண்டு போய் ஒரு விரலால் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் வருவதுதான் நாகரிகம்.

சுவரிலிருந்து பின்பக்கம் வரை

சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வது, கைப்பேசிச் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது. சார்ஜர் வேலை செய்கிறது, ஆகவே சாக்கெட் நன்றாக இருக்கிறது என்ற முடிவு. இந்த முடிவு தவறாகப் போக நிறைய இடம் இருக்கிறது. சார்ஜருக்கு வேண்டியது சில வாட்தான். கருகிப்போன, பாதி தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பின் வழியாகக்கூட அது கிடைத்துவிடும். நகல் இயந்திரம் ஃபியூசரைச் சூடாக்கும்போது 1,500 வாட் வரை இழுக்கலாம். சாக்கெட்டைச் சோதிக்க வேண்டுமானால் வெந்நீர்க் கெட்டில் போல ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 230 வோல்ட்டில் 1,500 வாட் என்றால் சுமார் 6.5 ஆம்பியர். சாக்கெட்டின் உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்து, அங்கே அரை ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 6.5ஐ 6.5ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 21 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் கக்கும் வெப்பம் அவ்வளவுதான். அதாவது பிளக்கின் பிளாஸ்டிக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்திருக்கிறோம். 120 வோல்ட் ஊர்களில் அதே வாட்டுக்கு 12.5 ஆம்பியர் ஓட வேண்டும். அதே அரை ஓமில் 78 வாட் பிறக்கும்.

அதனால்தான் நான் போனதும் இயந்திரத்தைத் திறப்பதில்லை. முதலில், கொஞ்ச நேரம் தொடர்ந்து நகல் எடுக்கச் சொல்லிவிட்டு, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி அதன் உடலைத் தொட்டுப் பார்க்கிறேன். இளஞ்சூடு இருந்தாலே சந்தேகம். முள்ளின் அடியில் பழுப்பு நிறம் படர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து இயந்திரத்தின் பின்பக்கம். அதைச் சுவரை ஒட்டித் தள்ளி வைப்பது பல அலுவலகங்களின் பழக்கம். தள்ளும்போது பின்னால் செருகியிருக்கும் கம்பி பாதி வெளியே வந்து கோணலாகத் தொங்கும். இயந்திரம் ஓடும், நிற்கும், யாராவது இடித்தால் மறுபடி ஓடும். இதைப் போர்டுக் கோளாறு என்று எழுதிவைத்த சீட்டுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

நீட்டிப்புப் பெட்டியும் யூபிஎஸ்ஸும் இங்கேயே வருகின்றன. மெல்லிய கம்பி கொண்ட நீட்டிப்புப் பெட்டியில் நகல் இயந்திரம், கணினி, மேசை விசிறி எல்லாம் சேர்ந்தால், ஃபியூசர் சூடாகும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் சரியும். அறை விளக்கு லேசாக மங்கி மீள்வதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தச் சரிவு பெரிதானால் இயந்திரம் நடுவேலையில் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். கணினிக்கான 600 விஏ யூபிஎஸ் சில நூறு வாட்டைத்தான் தாங்கும். அதில் 1,500 வாட் இயந்திரத்தை மாட்டினால், மின்வெட்டு வரும் வரைகூடக் காத்திருக்காமல் ஃபியூசர் சூடாகத் தொடங்கிய கணமே அது கத்த ஆரம்பித்துவிடும். நகல் இயந்திரத்துக்குத் தனிச் சாக்கெட், தனி வயரிங். இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

எர்த்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். "உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுரீரென்று கூசுகிறது, பவர் சப்ளை கசிகிறதா?" என்று கேட்பார்கள். மின்சாரம் நுழையும் இடத்திலேயே மின் இரைச்சலை வடிகட்டும் பாகம் ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கம்பிகளிலிருந்தும் உலோகச் சட்டத்துக்குச் சிறு கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்துக்கு ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது. சாக்கெட்டில் எர்த் அறுந்திருந்தால் அதற்குப் போக வழி இல்லை. உங்கள் விரல் வழியாகப் போகிறது. பெரும்பாலான கூச்சத்துக்குக் காரணம் இதுதான், குறை கட்டடத்தில் இருக்கிறது. ஆனாலும் எர்த் சரியாகும் வரை அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே உண்மையாகவே ஏதாவது கசிய ஆரம்பித்தால் அப்போது காப்பாற்ற எர்த் இருக்காது.

பிளாஸ்டிக் நாக்கு

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஓர் அலுவலகத்தில் திரை பளிச்சென்று எரிகிறது, மோட்டார் சுற்றவில்லை, மோட்டார் நின்றுவிட்டது என்று பிழை எண். மோட்டாரின் இணைப்பில் மீட்டரை வைத்தேன். 24 வர வேண்டிய இடத்தில் சுழி. "பவர் சப்ளை போர்டு போய்விட்டது" என்று அறிவித்துவிட்டுப் புதிய போர்டுக்கு எழுதிப்போட்டேன். போர்டு வர ஒரு வாரம். மாட்டினேன். திரை பளிச்சென்று எரிந்தது, மோட்டார் சுற்றவில்லை.

முன்கதவைத் திறந்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய விரலாவது பல்சக்கரத்தில் போகும். அதற்காக 24 வோல்ட் பாதையில் கதவுச் சுவிட்ச் ஒன்று குறுக்கே நிற்கிறது. கதவின் உட்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு. கதவை மூடும்போது அது ஒரு துளைக்குள் நுழைந்து சுவிட்சை அழுத்தும். ஆண்டுக்கணக்கில் நுழைந்து நுழைந்து அந்த நாக்கின் முனை இரண்டு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. கதவு மூடியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தொடர்பு சேர்ந்துவிட்டது. ஆகவே 'கதவை மூடவும்' என்ற செய்தி வரவில்லை. 24 வோல்ட்டைக் கடத்தும் தொடர்புக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. அது சேரவில்லை. கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். மோட்டார் 'விர்'ரென்று சுற்றியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, கொஞ்சம் வெட்கத்தோடு.

நான் செய்த தவறு, மின்சாரம் போய்ச் சேரும் இடத்தில் மட்டும் அளந்தது. புறப்படும் இடத்தில், அதாவது போர்டின் வெளியீட்டில், அளந்திருந்தால் 24 இருந்திருக்கும். சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது, பின்னால் இல்லை என்பது இரண்டு நிமிட வேலை. முன்கதவு மட்டுமல்ல, பக்கக் கதவு, டோனர் மூடி என்று இப்படிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்தால்தான் 24 வோல்ட் பாய முடியும். ஆகவே திரை எரிந்து உடம்பு அசையாத எந்த இயந்திரத்திலும் எல்லாக் கதவுகளையும் ஒருமுறை நன்றாகத் திறந்து, அழுத்தி மூடிப் பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. போர்டைத் தனியே கழற்றி மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்து, 24 வரவில்லை என்று தூக்கிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். பல போர்டுகளில் மூளை போர்டிலிருந்து 'தொடங்கு' என்ற சமிக்ஞை வந்தால்தான் 24 பிறக்கும். மேசைமேல் அந்தக் கட்டளையைக் கொடுக்க யாரும் இல்லை.

போர்டுக்குள்

இதற்கு மேல் சொல்வது புரிந்துகொள்வதற்காக. கையை உள்ளே விடுவது பயிற்சி பெற்றவரின் வேலை.

பவர் சப்ளை போர்டு செய்வது விசித்திரமான சுற்றுவழி. வரும் ஏசியை முதலில் டயோடுகளால் டிசியாக்கி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்குகிறது. 230 வோல்ட் ஏசியின் உச்சம் அதன் 1.414 மடங்கு, ஆகவே அங்கே தேங்குவது ஏறத்தாழ 325 வோல்ட். பிறகு அந்த டிசியை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகிறது. வெட்டும் வேகம் கூடக் கூட டிரான்ஸ்ஃபார்மர் சிறிதாக இருந்தால் போதும். பழைய பாணி இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இதே வேலைக்குச் செங்கல் கனத்துக்கு இருக்கும். மறுபக்கத்தில் இறங்கி வருவதை மீண்டும் டிசியாக்கி, சிறிய கெபாசிட்டர்களால் சமன்செய்து, 24 என்றும் 5 என்றும் வெளியே தருகிறது. வெளியீடு கூடினாலும் குறைந்தாலும் ஒளியால் சேதி கடத்தும் ஒரு சிறு பாகம் வழியாக முன்பக்கத்துக்குச் சேதி போகிறது; வெட்டும் விதம் மாறுகிறது.

அந்தப் பெரிய கெபாசிட்டரை மதிக்க வேண்டும். 220 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரில் 325 வோல்ட் என்றால் சுமார் 11.6 ஜூல். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டருக்கும் சற்று அதிக உயரத்திலிருந்து போட்டால் எழும் ஆற்றல் அது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உள்ளே காத்திருக்கலாம். திருப்புளியால் இரண்டு முனைகளையும் சேர்த்து 'பட்'டென்று வெடிக்க வைப்பது வீரம் போலத் தெரியும். போர்டையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும். சரியான வழி, தகுந்த மின்தடை ஒன்றின் வழியே மெல்ல வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து உறுதிசெய்துகொண்ட பிறகு தொடுவது. சில இயந்திரங்களில் ஈரத்தைப் போக்கும் சிறு ஹீட்டர் ஒன்று, முதன்மைச் சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரத்திலேயே இருக்கும். சுவிட்சை நம்பி மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள்.

போர்டில் மெல்லச் சாவது பெரும்பாலும் வெளியீட்டுப் பக்கத்துச் சிறிய கெபாசிட்டர்கள். உள்ளே ஈரப்பசையான வேதிப்பொருள் இருக்கிறது, அது காய்ந்துகொண்டே போகிறது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிட்ட கெபாசிட்டர், வெப்பம் பத்து டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி நேரம், இடைவிடாது ஓடினால் மூன்றரை ஆண்டுக்கு மேல். காற்றுத் துளையைத் தூசி அடைத்து வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அதில் பாதி போய்விடும். தூசி தட்டுவது துப்புரவு வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

காய்ந்துபோன கெபாசிட்டரின் முகம் தெரிந்தவர்களுக்கு நோய் எளிது. தலை தட்டையாக இருக்க வேண்டியது லேசாகப் புடைத்திருக்கும். மேலே கீறியிருக்கும் கோடு பிளந்து பழுப்புப் பொருக்கு தட்டியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாமலும் கெட்டிருக்கலாம். அப்போது நடத்தை காட்டிக்கொடுக்கும். வார விடுமுறை முழுக்க அணைத்து வைத்த இயந்திரம் திங்கட்கிழமை காலை நாலைந்து முறை சுவிட்ச் போட்ட பிறகே எழுகிறது, எழுந்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது என்றால், குளிர்ந்த நிலையில் அந்தக் கெபாசிட்டர்கள் வேலைக்கு வர மறுக்கின்றன என்று பொருள். 24 வோல்ட்டைச் சும்மா இருக்கும்போது அளந்தால் சரியாக இருக்கும். மோட்டார் சுற்றும் கணத்தில் அளந்தால் 20க்குக் கீழே விழும். எப்போதும் சுமையோடு அளக்க வேண்டும். டிசியில் கலந்திருக்கும் அலையைப் பார்க்க மீட்டரை ஏசிக்கு மாற்றுவதும் உண்டு. ஆனால் மலிவான சில மீட்டர்கள் சுத்தமான டிசியையே ஏசி என்று இரட்டிப்பாகக் காட்டும். முதலில் ஒரு பேட்டரியில் வைத்துப் பார்த்து உங்கள் மீட்டரின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபியூஸ் என்ன சொல்கிறது

கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஒரு சாட்சி. உள்ளே கம்பி நடுவில் மெல்ல உருகி அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், அளவுக்குச் சற்று மிஞ்சிய சுமையோ வெறும் முதுமையோ காரணமாக இருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்து, வெள்ளிப்பூச்சு படிந்திருந்தால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் டயோடு அல்லது வெட்டும் டிரான்சிஸ்டர். இரண்டாவது வகையில் புது ஃபியூஸ் போடுவது இன்னொரு ஃபியூஸை எரிக்கத்தான். அதே ஆம்பியர், அதே வகை. மெதுவாக எரியும் வகை இருந்த இடத்தில் வேகமாக எரிவதைப் போட்டால் சுவிட்ச் போடும்போதே போய்விடும். ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றி வைத்திருந்த இயந்திரம் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். போர்டின் பாதி கரிந்திருந்தது. கம்பி மட்டும் நன்றாக இருந்தது.

ஷார்ட் இருக்கலாம் என்று தோன்றும் போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துவிடுவோம். சீரீஸ் லாம்ப் என்பார்கள். ஃபியூசர் இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்டை மட்டும் சோதிக்க. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்ல சகுனம். பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. மின்சாரம் முழுவதையும் பல்பு வாங்கிக்கொண்டு போர்டைக் காப்பாற்றிவிட்டது.

சில நேரம் போர்டு 'டிக்... டிக்... டிக்...' என்று கடிகாரம் போலச் சத்தமிடும். திரையும் அதே தாளத்தில் மின்னி அணையும். அது உதவி கேட்கும் குரல். வெளியீட்டில் எங்கோ ஷார்ட். போர்டு முயன்று பார்க்கிறது, ஆபத்து என்று நிறுத்துகிறது, மறுபடி முயல்கிறது. இன்னும் சில போர்டுகள் ஒரே முறை முயன்று அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் பொறுத்தால்தான் மறுமுயற்சி. இரண்டிலும் குற்றவாளி வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். வழி இதுதான்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 24 வோல்ட்டில் தொங்கும் இணைப்புகளைக் கழற்றி, மறுபடி மின்சாரம் கொடு, சத்தம் நின்றதா? நின்றால் மீண்டும் அணைத்து ஒவ்வொன்றாக மாட்டு. எதை மாட்டியதும் 'டிக்' திரும்புகிறதோ அந்தப் பக்கம் தேடு.

நான் எப்போதும் தனியாகச் சேரும் உறுப்புகளிலிருந்து தொடங்குவேன். தாள்களை அடுக்கிப் பின் அடிக்கும் ஃபினிஷர் ஒரே கம்பியில் சேர்ந்திருக்கும், கழற்றுவது எளிது. அடுத்தது மேலே உள்ள தாள் ஊட்டி. அதன் கம்பிக்கட்டு கீல் வழியாக வருகிறது. மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடிகிறது. "மூடியைத் திறந்தால் மட்டும் மெஷின் அணைந்துவிடுகிறது" என்று சொல்கிறார்களா, நேராகக் கீலுக்குப் போங்கள். உறை கிழிந்து செம்பு மினுங்குவது டார்ச் வெளிச்சத்தில் தெரியும். எலி கடித்த கம்பியும், போர்டின் வெதுவெதுப்புக்கு வந்து இரண்டு முனைகளுக்கு நடுவே கரிந்துபோன கரப்பான் பூச்சியும்கூட இந்தப் பட்டியலில் உண்டு.

சூடேறாத ஃபியூசர்

ஃபியூசர் கோளாறைப் பவர் சப்ளை கோளாறோடு குழப்புவது சகஜம், ஏனென்றால் இரண்டும் ஒரே ஏசியில் தொங்குகின்றன. கேனான் இயந்திரங்கள் பலவற்றில் ஈ000 என்றும், ஹெச்பி லேசர் அச்சு இயந்திரங்களில் 50 என்று தொடங்கும் எண்ணாகவும் இது வெளிப்படும். ஹாலஜன் விளக்கைப் பிளக் பிடுங்கிய நிலையில், ஃபியூசர் ஆறிய பிறகு அளந்தால் சில ஓம்தான் காட்டும். எல்லையில்லாத மின்தடை காட்டினால் ஒன்று விளக்கு அறுந்தது, அல்லது அதோடு தொடரில் இருக்கும், சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் வெப்பக் காப்புத் துண்டு அறுந்தது. இரண்டாவதாக இருந்தால் அதை மாற்றிவிட்டுச் சும்மா போய்விடக் கூடாது. எது அவ்வளவு சூடாக்கியது? வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரின்மேல் டோனர் படிந்து, சூட்டைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். விளக்கை ஏற்றி அணைக்கும் டிரையாக் ஷார்ட்டாகி, அணைக்கவே முடியாமல் போயிருக்கலாம்.

இந்தக் காப்புத் துண்டைக் கம்பியால் இணைத்து 'தற்காலிகமாக' ஓட்டுவது குற்றம் என்றே சொல்வேன். 1959இல் வந்த ஜெராக்ஸ் 914, சாதாரணத் தாளில் ஒரு பொத்தானை அழுத்தி நகல் எடுக்க வைத்த முதல் அலுவலக இயந்திரமாகப் பெயர் பெற்றது. தாள் சிக்கி நின்றால் சூட்டில் தீப்பிடிக்கும் பழக்கம் அதற்கு இருந்தது. அதனால் நிறுவனமே கூடவே ஒரு சிறு தீயணைப்பானைக் கொடுத்தது. அதற்குத் தீயணைப்பான் என்று பெயர் வைக்காமல், கருகலைப் போக்கும் கருவி என்று நாசூக்காக ஒரு பெயர் வைத்தார்கள். இன்றைய இயந்திரத்தோடு அப்படி ஒன்று வருவதில்லை. வருவது அந்தக் காப்புத் துண்டுதான்.

ஃபியூசர் பிழையில் பல இயந்திரங்கள் அணைத்து ஏற்றினாலும் விடாது. பழுதைப் பார்த்துச் சரிசெய்தபின், தொழில்நுட்பரே சர்வீஸ் மெனுவுக்குள் போய் அந்தப் பிழையை நீக்க வேண்டும்.

உயர் மின்னழுத்தத்தில் அதிகம் சொல்ல இல்லை. அந்த போர்டு கெடுவது அபூர்வம். அது தொடும் ஸ்பிரிங் தகடுகளில் டோனர் படிந்து தொடர்பு விட்டுப்போவதுதான் வழக்கம். டிரம்முக்கு மின்னேற்றம் கிடைக்காவிட்டால் லேசர் வகை இயந்திரத்தில் தாள் முழுக் கறுப்பாக வரும். டோனரைத் தாளுக்கு இழுக்கும் மின்னழுத்தம் இல்லாவிட்டால் வெளிறியோ வெள்ளையாகவோ வரும். சாதாரண மீட்டரால் இதை அளக்கப் போகாதீர்கள். மீட்டருக்கு அதுவே கடைசி அளவீடாகிவிடும்.

அலுவலகத்தில் இருப்பவர், தொலைபேசியை எடுக்கும் முன் இவ்வளவு குறித்து வைத்தால் எனக்குப் பெரிய உதவி: திரை எரிகிறதா, விசிறிச் சத்தம் உண்டா, பிழை எண் என்ன, எந்தக் கணத்தில் நின்றது, அந்த நேரம் விளக்கு மங்கியதா, கருகல் வாடை வந்ததா. வாடை வந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொல்லுங்கள், மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டாம்.

போர்டை மாற்றிய நாளில் நான் ஒன்று செய்கிறேன். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது 24ஐயும் 5ஐயும் அளந்து, முன்கதவின் உட்பக்கம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, தேதியோடு எழுதிவைக்கிறேன். சும்மா இருக்கையில் 24.1, ஓடுகையில் 23.8. அடுத்த முறை வருபவர் நானாக இல்லாவிட்டாலும், தன் மீட்டரில் 21 என்று பார்த்ததும் சீட்டைப் பார்ப்பார்.